மிளகும் வாசல் கதவும்

மார்ச் 3, திங்கள்

இந்த வாரம்தான் ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் ஒரு ஓட்டம். சாவியைத் திருகிக் கதவை ஒரு சாண் திறந்திருப்பேன், கணுக்காலை உரசிக்கொண்டு கறுப்பாக ஒன்று பாய்ந்தது. எங்கள் பூனை மிளகுதான். நான் பையைப் போட்டுவிட்டுத் துரத்த, அவன் நாலு படி இறங்கி நின்று திரும்பிப் பார்க்கிறான், நான் கிட்டே போனதும் இன்னும் நாலு படி. இருபது நிமிடம் இப்படியே. கடைசியில் அலுத்துப்போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், தம்பி உள்ளேயிருந்து தீனி டப்பாவைக் குலுக்கினான், துரை தானாக நடந்து வந்தார். வந்தவனைத் தூக்கிவைத்து நல்ல திட்டு கொடுத்தேன்.

மார்ச் 4

அவனுக்கு இரண்டு வயது, கருத்தடை செய்தாயிற்று. அதனால் துணை தேடிப் போகிறான் என்று சொல்ல முடியாது. (செய்யாத பூனை என்றால் முதல் வேலை அதுதான். பெண் குட்டிக்கு நாலு மாதத்திலேயே பருவம் வந்துவிடலாம், அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.) பின்னே ஏன் ஓடுகிறான்?

இன்று மாலை உட்கார்ந்து கவனித்தேன். பகல் முழுக்கத் தூங்குகிறான். பூனை சுறுசுறுப்பாகிற நேரமே விடியலும் அந்தியும்தான், நாங்கள் மூன்று பேரும் வீடு திரும்புவதும் சரியாக அந்தியில். வந்ததும் என்ன செய்கிறோம்? செருப்பைக்கூடக் கழற்றாமல் கால்மிதியிலேயே குந்தி, கழுத்தைச் சொறிந்து, ‘என் தங்கமே’ என்று கொஞ்சுகிறோம். ஆக அவனுடைய நாளிலேயே நல்லது எல்லாம் நடக்கிற இடம் வாசல்தான். வெளியே ஓடினாலோ கூடுதலாக ஒரு துரத்தல் விளையாட்டு. இத்தனை நாளும் பாடம் எடுத்தது நாங்கள்தான்.

மார்ச் 6

தம்பி யாரோ சொன்னார்கள் என்று தண்ணீர் தெளிக்கிற பாட்டிலோடு வாசலில் காவல் நின்றான். ஒரே ஒரு பீய்ச்சல். இப்போது மிளகு கதவுக்குப் பயப்படவில்லை, தம்பியைக் கண்டால்தான் கட்டிலுக்கு அடியில் போகிறான். பாட்டில் செடிக்குப் போய்விட்டது. நான் திங்கட்கிழமை திட்டினதும் இதே ரகம்தான்: திரும்பி வந்த பூனையைத் திட்டினால் ‘ஓடினது தப்பு’ என்று அதற்குப் புரியாது, ‘வீட்டுக்கு வந்தால் திட்டு’ என்றுதான் புரியும். அடுத்த தடவை ஏன் வரப்போகிறது?

மார்ச் 8

கதவு திறந்தாலும் ஓடாமல் ஓரிடத்தில் உட்காரப் பழக்குகிற வேலை தொடங்கியாயிற்று. வாசலிலிருந்து எட்டடி தள்ளி, ஜன்னலோரம் ஒரு உயரமான முக்காலி, மேலே அவனுடைய பழைய துணி. முக்காலியில் ஏறினால், ‘நீ செய்தது சரி’ என்பதற்கு அடையாளமாகப் பேனாவை ‘டிக்’ என்று அழுத்துவேன், உடனே ஒரு துண்டு தீனி. துண்டு என்றால் பட்டாணியில் பாதிகூட இல்லை, இல்லாவிட்டால் இந்தப் பயிற்சி முடிவதற்குள் ஆள் உருண்டையாகிவிடுவான். சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, நாலைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் கோபித்துக்கொண்டு நக்கிக்கொள்ளத் தொடங்குகிறான்.

ஏறி உட்காரப் பழகினதும் கதவு. முதலில் கைப்பிடியைத் தொட்டேன், அவன் அசையவில்லை, டிக், துண்டு. அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் சாவிக்கொத்துச் சத்தம், இதுதான் கஷ்டம், கேட்ட மாத்திரத்தில் குதித்துவிடுகிறான். குதித்தால் ஒன்றும் சொல்வதில்லை, கதவு மூடிவிடும், அவ்வளவுதான், ஒரு படி பின்னால் போய்த் தொடங்குகிறோம். இன்று முழுக்க உழைத்துக் கதவு ஒரு அங்குலம் திறந்தது.

மார்ச் 11

பூனையைப் பழக்குவது சுலபம், அம்மாவைப் பழக்குவதுதான் பெரும்பாடு. வாசலில் யாரும் கொஞ்சக் கூடாது, பார்க்கக்கூடக் கூடாது, நேரே முக்காலிக்குப் போய் அங்கேதான் எல்லாம் என்று விதி போட்டிருக்கிறேன். “பாவம்டி, வாயில்லா ஜீவன் வந்து நிக்குது, கல்லு மாதிரி எப்படித் தாண்டிப் போறது?” என்கிறாள். தம்பி, “அக்கா, அம்மா காலையில திருட்டுத்தனமா கொஞ்சினாங்க” என்று போட்டுக்கொடுத்துவிட்டான்.

மார்ச் 14

முன்னைவிட மோசம். கதவடியில் நின்று கத்துகிறான், நிலையைப் பிராண்டுகிறான். இது எதிர்பார்த்ததுதான். பலித்துக்கொண்டிருந்த தந்திரம் திடீரென்று பலிக்காமல் போனால் கைவிடுவதற்கு முன் எந்த உயிரும் ஒருமுறை பலமாக முட்டிப் பார்க்கும். இந்த நேரத்தில் இளகினால் ‘இவ்வளவு கத்தினால் கிடைக்கும்’ என்று புதுக் கணக்கு ஏறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம். அக்கம்பக்கத்தார் மன்னிக்கவும்.

மார்ச் 16, ஞாயிறு

பார்சல் வந்தது, கையெழுத்துப் போட்ட அந்த அரை நிமிடத்தில் போய்விட்டான். இம்முறை விளையாட்டு இல்லை, கீழே ஏதோ வண்டி ஹாரன் அடிக்க வெருண்டு காணாமலே போய்விட்டான்.

ஒரு மணி நேரம் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தது வீண். வீட்டுப் பூனை பயந்தால் பெரும்பாலும் தூரம் போகாது, கிட்டத்திலேயே ஒரு பொந்தில் ஒடுங்கிக்கொள்ளும், வளர்த்தவர் குரலுக்கும் பதில் கொடுக்காது. காணாமல் போய்க் கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இருட்டினதும் டார்ச்சோடு படிக்கட்டிலிருந்து மறுபடி தேடினோம். கீழ்ப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், இரண்டு பச்சைப் பொட்டு மின்னியது. அந்த இடத்தை நான் ஆறு தடவையாவது தாண்டிப் போயிருப்பேன். இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தீனி வைத்துக் காத்திருந்தேன், வந்தான். திட்டவில்லை.

மார்ச் 18

மிளகுக்குத் தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லு, மைக்ரோசிப், போட்டுக்கொண்டு வந்தோம். அரிசிமணி அளவு, பதினைந்து இலக்க எண். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, யாராவது பிடித்துக் கருவியால் படித்தால்தான் எண் தெரியும், எண்ணோடு பதிவான தொலைபேசி பழையதாக இருந்தால் அதுவும் உதவாது. கழுத்துப் பட்டையும் வாங்கினேன், எங்காவது மாட்டினால் இழுவையில் தானே கழன்றுகொள்கிற வகை.

பார்சல் என்று மணி அடித்தால் முதலில் மிளகை அறையில் விட்டு மூடிவிட்டுத்தான் வாசல். ஆள் வந்து நிற்கும்போது பயிற்சியை நம்புகிற கட்டம் இன்னும் வரவில்லை.

மார்ச் 23

கத்தல் அடங்கிவிட்டது. காலையில் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் இறகுக் குச்சியை ஆட்டித் துரத்த விடுகிறேன், கடைசியில் பிடிக்க விட்டு உடனே சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம், அவன் உடம்புக்குத் தெரிந்த வரிசை அதுதான். நான் செருப்புப் போடும்போது பாதிக் கண் மூடியிருக்கிறது. வெளியேறுகையில் ஒரு துண்டை வாசலுக்கு எதிர்ப்பக்கம் வீசிவிட்டுப் போகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று அம்மா இரண்டு கையிலும் பையோடு வந்தாள், கதவைக் காலால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது, அகலமாகவே திறந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன். மிளகு முக்காலியில் வாலைச் சுருட்டிக்கொண்டு கதவையும் பார்க்கிறான், என் சட்டைப்பையில் இருக்கிற பேனாவையும் பார்க்கிறான். அம்மா இரண்டு பையையும் அங்கேயே போட்டுக் கதவைச் சாத்தினாள், வாசலில் வாயே திறக்கவில்லை, விறுவிறுவென்று எட்டடி நடந்து முக்காலிக்கு வந்துதான், “என் தங்கமே” என்றாள்.