7 டிகிரிக்குக் கீழ

நவம்பர் 3
விடிய 6 மணிக்கு 4 டிகிரி. காரில இன்னும் சமர் ரயர்தான், வின்ரர் ரயர் மாத்த ரயர் கடைக்காரர் 24ஆம் திகதிக்குத்தான் இடமிருக்கு எண்டு சொல்லிப்போட்டினம். 21 நாள்.

நவம்பர் 4
அப்பா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சவர். என்னைக் கண்டவுடன முதல் கேள்வி, "ரயர் மாத்திப்போட்டியே?" இன்னும் இல்லையப்பா எண்டன். "அப்ப உந்தக் குளிருக்குள்ள என்னத்துக்கு வந்தனீ" எண்டு ஏசினவர். ஏசுறதுக்குக் குரல் வந்ததே எனக்குப் பெரிய சந்தோசம்.

நவம்பர் 6
கை இப்பவும் நடுங்குது. எல்ஸ்மியர் றோட்டில இடப்பக்கம் திருப்பேக்க ரெண்டாம் கியரில கொஞ்சம்தான் அக்சிலேற்றரை மிதிச்சன், பின்பக்கம் அப்பிடியே வெளியால போட்டுது, டாஷில மஞ்சள் லைற் மினுங்குது, ஸ்ரியறிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி ஒரு மாதிரி நேராக்கீற்றன், எதிர்ப்பக்கம் பஸ் ஒண்டு நிண்டது. மழை இல்லை, ஸ்நோ இல்லை, ஐஸும் இல்லை. காய்ஞ்ச தார் றோட்டு, 2 டிகிரி, அவ்வளவுதான். ஸ்நோ விழுந்தாப் பிறகுதான் சமர் ரயர் ஆபத்து எண்டு நானும் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். குளிர் மட்டுமே காணும். உந்த ரப்பர் சூட்டில மெழுகு மாதிரி இளகி றோட்டின்ர சின்னச் சின்னக் கரடுமுரடுக்குள்ள போய் உக்காந்து பிடிக்கிறதுக்கெண்டே செய்தது, 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுகிப்போய் மேலால வழுக்கிக்கொண்டு போகும். யூலையில இதே சந்தியில இதே ரயர் கல்லில ஒட்டின மாதிரி நிண்டது.

அக்காவுக்குச் சொல்லேல்ல.

நவம்பர் 7
3 டிகிரி.

நவம்பர் 9
ரயர்க் காத்தை அளந்து பாத்தன். கதவுப்பக்க ஸ்டிக்கரில போட்டிருக்கிற காத்தழுத்தம் 35 பிஎஸ்ஐ, நாலிலயும் 31தான் இருக்கு. ஓட்டை இல்லை, செப்டெம்பரில 22 டிகிரி வெயிலுக்குள்ள அடிச்ச காத்து. ஐஞ்சரை டிகிரி குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும், இண்டைக்கு 0 டிகிரி, கணக்கு அச்சாச் சரியா வருது. அப்பாவின்ர ஒட்சிசன் மெசினிலயும் ஒரு நம்பர் இருக்கு. ஒரு நாளில எத்தினை நம்பரைத்தான் பாக்கிறது.

நவம்பர் 11
அத்தானோட வாக்குவாதம். சறுக்கேக்க தானாப் பிரேக் பிடிக்கிற ஸ்ரபிலிற்றி கொன்ட்ரோல் இருக்கு, பின்வீல் ரெண்டுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற லிமிற்றட் ஸ்லிப் இருக்கு, பிறகென்ன பயம் எண்டுறார். அத்தான், உதெல்லாம் இருக்கிற பிடியைப் பங்கு போட்டுக் குடுக்கிற சாமான், இல்லாத பிடியை எங்கயிருந்து கொண்டு வாறது எண்டு கேட்டன். மொன்றியல்ல சின்னம்மா ஆக்களுக்கு டிசம்பர் 1இல இருந்து மார்ச் 15 மட்டும் வின்ரர் ரயர் சட்டம். எங்கட ஒன்ராறியோவில கட்டாயம் இல்லை, போட்டா இன்சூரன்சில கொஞ்சம் குறைப்பினம், அவ்வளவுதான். சட்டம் இருந்திருந்தா ஒக்ரோபரிலயே மாத்தியிருப்பன். இல்லாதபடியா நாளை நாளை எண்டு விட்டிட்டன். பிழை என்னிலதான்.

நவம்பர் 13
அப்பா இண்டைக்குக் கன நேரம் கதைச்சவர். யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின் ஏ40 காரில ஹயர் ஓடின கதை. பெற்றோல் தடை நேரம் காபரேற்றருக்குள்ள துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில ஓடினது, புகையில பின்சீற்றில இருக்கிற ஆக்கள் இருமிக்கொண்டு வருவினமாம். "கார் சொல்லும் தம்பி, காது குடுத்தாக் காணும்" எண்டார். எண்பத்தொரு வயசு. என்ர ரொயோட்டா ஜிஆர்86 காரில முதல் நாள் ஏறி இருந்திட்டு, 2.4 லீற்றரோ எண்டு கேட்டிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

நவம்பர் 15
கடையில இருந்து போன். ரயர் வரேல்லையாம். இனி 28ஆம் திகதிதானாம். நான் ஒண்டும் கதைக்கேல்ல, வச்சிட்டன்.

நவம்பர் 17
இரவு மைனஸ் 9 எண்டு காட்டுது. ரயர்க் கம்பனி புத்தகத்தில தெளிவாப் போட்டிருக்கு, மைனஸ் 7க்குக் கீழ போன சமர் ரயரை அப்பிடியே உருட்டக்கூடாது, ரப்பரில வெடிப்பு விழும், 24 மணித்தியாலம் சூட்டில வச்சிட்டுத்தான் அசைக்கோணும். பத்து மணிக்கு கராஜைத் திறந்து, சைக்கிள், அப்பாவின்ர பழைய பெட்டியள், அரிசி மூட்டை எல்லாத்தையும் பேஸ்மென்ற்றுக்குக் கொண்டுபோய்ப் போட்டு, காரை உள்ளுக்கு விட்டு, ஹீற்றரையும் போட்டிட்டு வந்து படுத்தன்.

நவம்பர் 18
2.40க்கு அக்கா போன் எடுத்தவ. "கெதியா வா, ஆனா வேகமா ஓடாத" எண்டா. 401 ஹைவேயில வலக்கரை லேன், 80, லொறிக்காரர் எல்லாம் வெட்டிக்கொண்டு போறாங்கள், மெதுவாப் போனா ரயர் சூடேறாது வேகமாப் போகவும் ஏலாது, அக்சிலேற்றரைச் சட்டெண்டு விட்டா பின்வீல் பிடியை விடும் எண்டு காலை ஒரு இழை ஒரு இழையா எடுத்து, கியர் குறைக்காம, ஒவ்வொரு பாலத்திலயும் மூச்சை அடக்கிக்கொண்டு, பாலத்துக்குக் கீழயும் குளிர் காத்துத்தானே, அங்கதான் முதல் உறையும், அப்பா காது குடு எண்டவர், றேடியோவை நிப்பாட்டினன், ரயர் சத்தம் மாறுதோ மாறுதோ எண்டு அந்த 30 கிலோமீற்றரும்

நவம்பர் 19
அப்பாவுக்கு மூச்சு சீராயிற்றுதாம். நித்திரை.

நவம்பர் 22
28 மட்டும் பொறுக்க ஏலாது. பிக்கரிங்கில ஒருத்தரிட்டப் பாவிச்ச வின்ரர் செற் வாங்கினன், 17 இஞ்சி றிம்மோட, ரயர் அளவு 215/45. வின்ரர் ரயருக்குரிய மலையும் ஸ்நோப் பூவும் அடையாளம் இருக்கு. ரயரின்ர பக்கச்சுவரில இருக்கிற நம்பரில கடைசி நாலு இலக்கம் 3622, எண்டா 2022இல 36ஆவது கிழமை செய்தது. ட்ரெட், அதான் ரயரின்ர வெட்டு, நல்ல ஆழம், நகத்தை வச்சு அமத்தினா அமருது, மைனஸ் 3இல! ட்ரைவ்வேயில ஜாக் அடிச்சு நானே மாத்தினன். விரல் மரத்துப் போச்சு. கழட்டின நாலையும் பேஸ்மென்ற்றில அரிசி மூட்டைக்குப் பக்கத்தில வச்சிருக்கு.

நவம்பர் 23
"மாத்தீற்றன் அப்பா."
கொஞ்ச நேரம் பாத்தவர். "நட்டைக் குறுக்குக் குறுக்கா இறுக்கினியே?" ஓம் அப்பா. "ஓடீற்றுத் திரும்ப இறுக்கோணும்."

நவம்பர் 25
எல்ஸ்மியர் சந்தி, மைனஸ் 5, ரெண்டாம் கியர். ஒண்டும் நடக்கேல்ல. வீட்ட வந்து நட் எல்லாத்தையும் திரும்பப் பாத்தன், பின் இடப்பக்கத்தில ஒண்டு கால் சுத்து இறுகினது.