கொக்கியை எங்கே மாட்டுவது?

கட்டடத் தொழிலாளியைச் சாரத்தின் விளிம்பில் நிறுத்தி, கால் வழுக்கிப் பன்னிரண்டு மீட்டர் கீழே விழுவதைக் காட்டியதோடு முடிந்துவிடுகிற வி.ஆர். (ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி) பயிற்சிகள் உண்டு. ஹெட்செட்டைக் கழற்றுகிறவர் நிஜமாகவே ஆடிப்போயிருப்பார். மறுநாள் பாதுகாப்பு பெல்ட் போட்டிருப்பார், அதன் கயிற்றுக் கொக்கி மட்டும் எங்கும் மாட்டாமல் இடுப்பிலேயே தொங்கும். 1953-இல் உளவியலாளர்கள் ஜானிஸும் ஃபெஷ்பாக்கும் பல் பராமரிப்பை வைத்து நடத்திய ஆய்வில், மிக அதிகமாகப் பயமுறுத்தப்பட்டவர்களே மிகக் குறைவாக மாறினார்கள். தப்பிக்கும் வழி தெரியாத பயத்தை மனசு ஒதுக்கிவிடும். "இருபது வருஷமா ஏறுறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் காட்சி விழுவதில் முடியக் கூடாது, கொக்கியில் முடிய வேண்டும். பெல்ட் கயிறு 1.8 மீட்டர், முதுகு வளையம் பாதத்திலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கால்மட்டத்துக் குழாயில் மாட்டினால், கயிறு இழுபடுவதற்குள் ஆள் 3.3 மீட்டர் விழுந்திருப்பார். கயிற்றோடு இருக்கும் ஷாக் அப்சார்பர் (விழும் அதிர்ச்சியைக் குறைக்கும் மடிப்புப் பட்டை) பிரிந்து நீள்வது அதற்கு மேல் 1.75 மீட்டர் வரை போகலாம். நான்கு மீட்டர் சாரத்தில் அதற்குள் தரை வந்துவிடும். தலைக்கு மேல், பாதத்திலிருந்து இரண்டு மீட்டரில் மாட்டினால் 1.3 மீட்டரிலேயே கயிறு பிடித்துவிடும். கரும்பலகையில் எழுதினால் யாரும் கவனிக்காத இந்தக் கணக்கை உடம்புக்குப் புரியவைக்கத்தான் வி.ஆர். வேண்டும். ஒரே சாரம், இரண்டு இடத்தில் கொக்கி, இரண்டு முடிவு. இரண்டாவதை அவரே தன் கையால் மாட்ட வேண்டும்.

காலடித் தரையில் ஓர் அங்குலக் கனமுள்ள பலகை போட்டால் பயம் நிஜமாகும். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம். கன்ட்ரோலரைத் தள்ளி நடக்கவைத்தால் குமட்டும். சொந்தக் காலில் நாலடி நடப்பது போதும். சென்னை மே மாத வெயிலில் மூன்றாவது ஆளுக்குள் ஹெட்செட்டின் ஃபோம் வியர்வையில் ஊறிவிடும், துடைக்கக்கூடிய சிலிகோன் உறை வாங்குங்கள். லென்ஸில் ஸ்பிரிட் படவே கூடாது. ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசுகிறவர்கள் நிறைய. குரல் அவரவர் மொழியில் இல்லாவிட்டால் பயம் மட்டுமே போய்ச்சேரும்.

மூத்த மேஸ்திரியிடம் முதலில் சாரத்தில் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மென்பொருள்காரர் வரைந்த சாரத்தில் டோ போர்டு (நடைபலகை ஓரத்தில் கால்மட்டத் தடுப்பு) இல்லாததை அவர்தான் பார்ப்பார். அதைத் திருத்தாமல் ஓட்டினால், மற்றவர்களும் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கூட வேலை செய்தவர் விழுந்து இறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமையை ஹெட்செட் மாட்டுமுன்பே, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கூச்சத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார்.

கழற்றியதும் யாரையும் சாரத்தில் ஏற்றாதீர்கள், தலைசுற்றல் சிலருக்கு மெதுவாகத்தான் அடங்கும். அடுத்த அரை மணி நேரம் தரையிலேயே நிஜ பெல்ட்டோடு போகட்டும்: கொக்கியைத் தலைக்கு மேல் குழாயில் மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது. தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது.