வாசுதேவநல்லூரில் வெடித்த பீரங்கி: கான் சாகிப்பின் படைக்கணக்கு

1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டு நின்ற படையில் மதில் உடைக்கத் தக்கதாக இருந்தது ஒரே ஒரு பதினெட்டுப் பவுண்டுப் பீரங்கி. அதை மேடையேற்றிச் சுடத் தொடங்கிய சூட்டிலேயே குழல் வெடித்துவிட்டது. மிச்சமிருந்த சிறு பீரங்கிகளால் மதிலின் மேல்விளிம்பைக் கொஞ்சம் உதிர்க்கத்தான் முடிந்தது. டிசம்பர் 26-ஆம் தேதி அந்த அரைகுறை உடைப்பு வழியாகவே ஏறப் பார்த்தார்கள். நெற்கட்டும்செவலில் இருந்து அதன் பாளையக்காரர் பூலித்தேவன் ஆள் திரட்டி வந்து முகாமின் முதுகில் அடித்தார். வெடிமருந்தும் குண்டும் தீர்ந்துபோய்ப் படை திருநெல்வேலிக்குத் திரும்பியது.

அந்தப் படையின் தலைவர் முகம்மது யூசுப்கான். நம் பக்கத்தில் கான் சாகிப், கும்மந்தான், மருதநாயகம் என்று பல பெயர் அவருக்கு. கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்கள் அனைவருக்கும் ‘கமாண்டன்ட்’ ஆக இருந்தவர். அந்தச் சொல்தான் நாட்டுப்பாடல்களில் கும்மந்தான் ஆயிற்று. அவர் வீரனா துரோகியா என்ற வழக்கு சங்கரன்கோவிலில் ஒரு விதமாகவும் மதுரையில் வேறு விதமாகவும் நடக்கிறது. பூலித்தேவன் மண்ணில் நின்று பேசுகிறவர்களுக்கு அவர்மேல் கோபம் இருப்பது நியாயம். ஆனால் அவர் எப்படிப் போர் செய்தார் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. அவருடைய திறமை வாள்வீச்சைவிட மாடு, வண்டி, மருந்து, சம்பளம் ஆகியவற்றில்தான் அதிகம் தெரிகிறது. தோற்ற இடங்களையும் அந்தக் கணக்கை வைத்தே விளக்கிவிடலாம்.

இராமநாதபுரம் சீமையில் பனையூரில், 1725 வாக்கில், வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மரபு. பிறகு இஸ்லாத்தைத் தழுவினார். 1752-ல் தான் சேர்த்த ஒரு சிப்பாய்க் கூட்டத்தோடு கிளைவிடம் வந்து சேர்கிறார். திருச்சிராப்பள்ளிச் சண்டைகளில் மேஜர் லாரன்ஸின் கீழ் அவர் செய்த முக்கிய வேலை, எதிரிகள் சூழ்ந்த நகரத்துக்குத் தானிய வண்டிகளையும் பொதிமாடுகளையும் கொண்டுவந்து சேர்ப்பது. எந்த இரவில் எந்தப் பாதையில் போவது, ஒற்றர் சொல்வதில் எதை நம்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இதில் அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதற்கு எதிரிகளே சாட்சி. லாரன்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளனாக, இருந்த பொன்னியப்பன் மைசூர்க்காரரோடு சேர்ந்து, யூசுப்கானைத் துரோகி என்று காட்டப் பொய்க் கடிதம் ஒன்றை நடமாட விட்டான். விசாரணையில் குட்டு வெளிப்பட்டு, பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

இனி அந்தக் கோட்டைகள். நெல்லைச் சீமைப் பாளையக்காரர் கோட்டை என்றதும் கல்மதிலை நினைக்கக் கூடாது. பெரும்பாலும் மண்தான். களிமண்ணை வைக்கோலோடு மிதித்துக் குழைத்து, ஒரு வரிசை வைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் அடுத்த வரிசை வைப்பார்கள். அடி அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வரும். மூலைகளில் கொத்தளம். வெளியே உடைமுள்ளும் இலந்தைமுள்ளும் அடர்ந்த வேலி. மலையடிவாரக் கோட்டைகளுக்குக் காடே வேலி.

கல்மதிலில் இரும்புக் குண்டு பட்டால் கல் பிளக்கும், பூட்டு விடும், மேலிருப்பது சரியும். காய்ந்த களிமண் மதிலில் அது புதைந்து நின்றுவிடும். புதைந்த குழியைச் சுற்றிக் கொஞ்சம் மண் உதிரும், அவ்வளவுதான். ஆறு பவுண்டுக் குண்டு நூறு அடித்தாலும் அம்மைத் தழும்பு மாதிரிதான் இருக்கும். அப்படியே ஒரு பக்கம் சரிந்தாலும், இரவோடு இரவாக உள்ளிருப்பவர்கள் பனந்தடியும் ஈரமண்ணும் போட்டு அடைத்துவிடுவார்கள். ஆகவே கனத்த குண்டு வேண்டும், ஒரே இடத்தில் அடிவரிசையில் தொடர்ந்து விழ வேண்டும், இரவிலும் விட்டுவிட்டுச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மதில் விழாது.

ஒரு பதினெட்டுப் பவுண்டுக் குண்டின் எடை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு முறை சுடக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மருந்து தேவை. குறைந்த கணக்காக மூன்று கிலோ என்று வைப்போம். முந்நூறு முறை சுட இரும்பு 2,400 கிலோ, மருந்து 900 கிலோ. அக்காலத்து வண்டிப்பாதையில் ஒரு வண்டிக்கு அரை டன் ஏற்றினால் ஏழு வண்டி. பீரங்கிக் குழல் மட்டும் ஏறத்தாழ இரண்டு டன். அதை இழுக்கும் மாடுகளுக்குத் தீனி, தீனிக்கு வேறு மாடு. இவ்வளவையும் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கரிசல் காட்டைக் கடந்து இழுத்துவர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கரிசலில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண் சக்கரத்தை அப்பிக்கொண்டு ஆரக்காலை அடைத்துவிடும். மாடு மண்டியிடும், வண்டி நகராது.

குழல் ஏன் வெடிக்கிறது? வார்ப்பில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த இடம் பலவீனம். ஓய்வில்லாமல் சுட்டால் இரும்பு சூடேறி விரிசல் விடும். குண்டைக் கெட்டிக்கும்போது மருந்தோடு ஒட்டி உட்காராமல் இடைவெளி விட்டுவிட்டால் அழுத்தம் நடுக்குழலில் முட்டும். மதில் விழவில்லையே என்ற அவசரத்தில் மருந்தைக் கூட்டிப் போடுவதும் உண்டு. பழைய பீரங்கியில் தீக்கொடுக்கும் துளை தேய்ந்து அகலமாகியிருக்கும். ஒற்றைப் பீரங்கியை நம்பி வந்தவனுக்கு இவை எல்லாமே ஆபத்து. இரண்டு இருந்தால் ஒன்று ஆறும்போது மற்றதைச் சுடலாம்.

அந்த டிசம்பரில் அவருக்குத் துணை நின்றது திருவிதாங்கூர்ப் படை. களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்து வாங்கிய துணை அது. செங்கோட்டை, வடகரை வரை சேர்ந்தே போனார்கள். ஆள் எண்ணிக்கையில் குறையே இல்லை. ஆயினும் ஆட்கூட்டம் மதிலை இடிக்காது. கூட்டம் பெருகப் பெருகச் சோற்றுக் கணக்கும் ஏறும். என் எண்ணத்தில் அவர் செய்த பெரிய பிழை, மழைக்காலத்தில், மலையடிவாரத்தில், ஒற்றைப் பீரங்கியோடு போனதுதான்.

இதே பாடத்தை நான்கு வருடத்துக்கு முன்பே பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். 1755-ல் கர்னல் ஹெரான் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களுமாகத் தெற்கே வந்தபோது சிப்பாய்களின் தலைமை யூசுப்கானிடம் இருந்தது. நெற்கட்டும்செவலில் மதிலை உடைக்கத் தக்க பீரங்கி இல்லை. ஹெரான் 20,000 ரூபாய் கேட்டார், பூலித்தேவன் கொடுக்கவில்லை, படை வெறுங்கையோடு திரும்பியது. போதாக்குறைக்குக் கோவில்குடிக் கோயிலின் சிலைகளைக் கொள்ளையடித்துப் போனார்கள். நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்துத் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள்.

கணவாய்ச் சண்டையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிப்பாயிடம் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. தோட்டாத் தாளைப் பல்லால் கிழித்து, கிண்ணத்தில் சிட்டிகை மருந்து வைத்து மூடி, மீதியைக் குழலில் கொட்டி, குண்டை இறக்கிக் கெட்டித்து, குதிரையை இழுத்துச் சுட வேண்டும். பழகிய கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடும். பாளையக்காரர் பக்கம் திரித்துப்பாக்கி மெதுவானது, மழை வந்தால் திரி அணையும். திறந்த வெளியில் வரிசைகட்டி நின்றால் சிப்பாய்க்குத்தான் வெற்றி. முள்ளும் பாறையும் நெருங்கிய பாதையில் வரிசை கட்ட இடமில்லை. அங்கே நீண்ட ஈட்டிக்காரன் புதரிலிருந்து எழுந்து வரும்போது இரண்டாவது முறை மருந்து கெட்டிக்க நேரம் கிடைக்காது. இதைத் தெரிந்த யூசுப்கான், தன் படையிலும் கள்ளர்களைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளைக்காரத் தளபதிகளுக்கு எளிதில் வராத யோசனை இது.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, யூசுப்கான் வெளியே நின்று பிரெஞ்சுக்காரரின் தானியப் பாதைகளை அறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலியே நொந்துகொண்டார். திருச்சியில் காத்ததைச் சென்னையில் அறுத்தார்.

அதன்பிறகுதான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் குத்தகை ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு அவர் கைக்கு வருகிறது. இனி அவரே வரி வசூலிப்பவர், அவரே படைக்குச் சம்பளம் கொடுப்பவர். தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுவடை முடிந்து நெல் விற்றால் கொஞ்சம் பணம், மாசி பங்குனியில் பிசானம் அறுத்தால் பெரும்பணம். பிசானம் களத்துக்கு வரும்முன் படையெடுத்தால் சம்பளப் பாக்கி நிற்கும், மாடுகளும் உழவில் இருக்கும். அறுவடை முடிந்தால் மாடும் ஓய்வு, பாதையும் காய்ந்திருக்கும், குளம் வற்றி நேர்வழி திறக்கும்.

இரண்டாவது முறை அவர் தேர்ந்த காலம் அதுதான். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி வீழ்ந்து, கும்பினியின் கனத்த பீரங்கிகளுக்கும் மருந்துக்கும் வடக்கே வேலை குறைந்திருந்தது. சுமார் இரண்டு மாதச் சண்டைக்குப் பின், மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன. இந்தப் பனையூர் பூலித்தேவனுடையது. யூசுப்கான் பிறந்ததாகச் சொல்லும் பனையூர் வேறு. கடைசி வரை பணியாமல் பூலித்தேவன் தப்பிச் சென்றார். ஆறு வருடம் ஒரு சிறு பாளையம் கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் தாக்குப்பிடித்தது என்பதை மே 16-ஐச் சொல்லும்போதெல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யூசுப்கானின் ஆட்சியைப் பின்னாளில் இங்கே வந்த கர்னல் புல்லர்டன் மிகவும் புகழ்ந்திருக்கிறார்: நீதியில் ஐயமில்லை, சொன்ன சொல் மாறாது, குற்றவாளிக்குத் தப்ப இடமில்லை என்ற பொருளில். வத்திராயிருப்புப் பக்கத்துக் கான்சாபுரம் அவர் பெயரைச் சுமப்பதாகவே மக்கள் சொல்கிறார்கள்.

ஆர்க்காட்டு நவாபுக்கு இந்தச் செல்வாக்கு பொறுக்கவில்லை. குத்தகையும் கணக்கும் சண்டையாகி, 1763-ல் யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். இப்போது அவர் மதிலுக்கு உள்ளே. இரட்டை மதில், அகழி, எழுபத்திரண்டு கொத்தளம் என்று சொல்லப்படும் மதுரைக் கோட்டை. கும்பினியும் நவாபும் சேர்ந்து நடத்திய முதல் முற்றுகை மழையில் குலைந்து போனது. அகழிக்கு அருகே வெட்டிய பதுங்குகுழிகளில் தண்ணீர் நின்றால் மருந்து நமத்துவிடும், ஆட்களுக்குக் காய்ச்சல் வரும். 1764 ஜூன் 26-ல் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் நடத்திய நேர்த்தாக்குதலையும் முறியடித்தார். மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். அதன்பின் கேம்ப்பெல் மதிலை விட்டுவிட்டுப் பாதைகளைப் பிடித்தார். ஒரு பொதி நெல்லும் உள்ளே போகவில்லை. திருச்சியில் யார் கையால் நகரம் பட்டினி கிடக்காமல் பிழைத்ததோ, அவருடைய நகரத்துக்குள் பொதிமாடு வரவில்லை.

பசி உள்ளிருந்தவர்களின் விசுவாசத்தைக் கரைத்தது. அக்டோபர் 13 அன்று அவர் படையிலேயே இருந்த பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்தும் அவருடைய திவான் சீனிவாச ராவும் கூட்டாளிகளும் அவரைப் பிடித்துக் கட்டினார்கள். 15-ஆம் தேதி நவாபின் ஆணைப்படி முற்றுகை முகாமில் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும், கைகளைப் பாளையங்கோட்டைக்கும், கால்களைத் தஞ்சாவூருக்கும் திருவிதாங்கூருக்கும் அனுப்பினார்கள் என்பது வழிவழிச் செய்தி. மீதி உடல் மதுரை சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசலில் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கோட்டை மதிலில் மிஞ்சிய பகுதியின்மேல் பின்னாளில் மேடை போலீஸ் ஸ்டேஷன் இருந்தது.