மூன்று நட்சத்திரம் போட்ட பக்கம்

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் நடத்துகிறேன். பல வருடங்களாக ஒரே நோட்டுதான். ஒவ்வொரு பேட்சுக்கும் அதிலேயே அடித்துத் திருத்திக்கொள்வேன். அதில் 'முக்கிய வழக்குகள்' என்று ஒரு பகுதி. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது முழுக்க என் கணிப்பு. அந்தக் கணிப்பு எத்தனை முறை தப்பியிருக்கிறது என்பதற்கு அடித்தல் திருத்தல்களே சாட்சி.

கடைசியாகத் தப்பியது 2025-ல். தமிழ்நாட்டு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அன்று இரவே சிவப்பு மையில், மூன்று நட்சத்திரத்தோடு நோட்டில் ஏற்றிவிட்டேன். நவம்பர் 20-ல், இதே விஷயத்தில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் கிடையாது என்றார்கள். "மேம், இப்போ நட்சத்திரத்தை அடிச்சிடலாமா?" என்று முதல் வரிசைப் பையன் கேட்டான். அடிக்கவும் கை வரவில்லை, விடவும் மனமில்லை.

ஆரம்பத்தில் என் கணக்கு எளிது: எத்தனை நீதிபதிகள், எத்தனை நாள் விசாரணை. அந்தக் கணக்கில் கேசவானந்த பாரதி வழக்கை அடிக்க ஆளில்லை. 13 நீதிபதிகள், 68 நாள், கடைசியில் 7-6. ஆனால் "இதில் யார் ஜெயிச்சது?" என்ற கேள்வி வகுப்பில் வருடம் தவறாமல் வரும். எடநீர் மடத்தின் தலைவரான கேசவானந்த பாரதி எதிர்த்த, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தந்த 29-வது திருத்தம் செல்லும் என்றே 1973-ல் தீர்ப்பானது. நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளைக்கூடத் திருத்தலாம், அரசமைப்பின் 'அடிப்படைக் கட்டமைப்பில்' மட்டும் கைவைக்கக் கூடாது என்றார்கள். அன்றைக்கு அது காகிதத்தில் இருந்த ஒரு சொல். இந்திரா காந்தியின் தேர்தலை நீதிமன்றம் தொடவே முடியாதபடி 39-வது திருத்தம் வந்தபோது, 1975 நவம்பரில் அந்தப் பிரிவை அதே சொல்லை வைத்துத்தான் ரத்து செய்தார்கள். அதற்குப் பல் முளைத்தது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

செண்பகம் துரைராஜன் வழக்கை நான் ரொம்ப காலம் ஒரே வரியில் கடந்துவிட்டேன். இப்போது அதற்கு ஒரு முழு வகுப்பு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1. மருத்துவப் படிப்பில் தனக்கு இடம் கிடைக்காது என்று தெரியவந்ததாகச் சொல்லித்தான் அவர் வழக்குப் போட்டார். விண்ணப்பித்ததாக மனுவில் இல்லை. (இதைச் சொன்னதும் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள்.) 1951 ஏப்ரல் 9 அன்று அரசாணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஜூனிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. மாகாண அரசு தோற்ற வழக்கு அது. கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு கால் ஊன்றியிருப்பதோ, அந்தத் தோல்வியால் வந்த பிரிவின் மேல்.

அதிலிருந்து என் கேள்வி மாறியது. தீர்ப்புக்கு அடுத்த நாள் யார் பதறி எழுந்து என்ன செய்ய வேண்டிவந்தது என்று பார்க்கிறேன். இந்தக் கேள்வி முன்பே இருந்திருந்தால் ஜபல்பூர் வழக்கை நோட்டிலிருந்து தூக்கியிருக்க மாட்டேன். நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976-ல் நான்கு பேர் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. 2017-ல் தனியுரிமை வழக்கில் ஒன்பது பேர் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தவறு என்றது. அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-ல் அந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. செத்த வழக்குதானே என்று அந்த வருடமே பக்கத்தைக் கிழித்தேன். ஆனால் நெருக்கடி நிலையிலும், குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பையும் உயிர், சுதந்திர உரிமையையும் தரும் 20, 21-வது பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாதபடி 44-வது திருத்தம் 1978-லேயே வந்தது எதனால்? அந்தத் தீர்ப்பு அவ்வளவு மோசமாக இருந்ததால். மறுபடி கையால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

சரி, ஏப்ரல் 8? மூன்று நட்சத்திரத்தையும் வெள்ளை மை வைத்து அழித்துவிட்டு, மேலே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டேன். "பரீட்சையில கேட்டா என்ன எழுதறது மேம்?" என்றான் அதே பையன். இரண்டு தேதியையும் எழுது என்றேன்.