மணியின் காகிதங்கள்

14 ஜூலை 2024, ஞாயிறு

மெல்போர்ன் வேலை உறுதியாகிவிட்டது. டிசம்பரில் கிளம்ப வேண்டும். சொன்னதும் அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "மணியை என்ன செய்யப் போற ஆத்தா?"

கூடவே கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். ஏதோ சூட்கேஸைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

மணி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சிவப்பு வால். 2019-இல் சென்னையில் ஒருவரிடம் வாங்கினேன். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்து செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்கும் ரயிலின் ஹாரனை அப்படியே ஊதும். குக்கர் விசில் அடித்து அப்பத்தாவை அடுப்படிக்கு ஓட வைப்பது தனி விளையாட்டு.

17 ஜூலை

வாங்கிய ரசீதைக் காணோம். பீரோ, டிரங்குப் பெட்டி, இரண்டாங்கட்டு அலமாரி, எங்கும் இல்லை.

தேடும்போது கிடைத்தவை: 1930-களின் ரங்கூன் பேரேடு இரண்டு, கைவிட்டுப்போன பர்மா நிலங்களின் பத்திரங்கள், அப்பத்தா கல்யாணத்து இசைகுடிமானம், அதாவது நகரத்தார் கல்யாண ஒப்பந்தம். கல்யாணத்தைக்கூட எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கிறவர்கள் நாங்கள். பர்மாவில் பெட்டியடி (வட்டிக்கடை) வைத்திருந்த பாட்டையா 1942-இல் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்தபோதும் பேரேட்டை விடவில்லை. நான் ஒரு கிளியின் ரசீதைத் தொலைத்திருக்கிறேன்.

26 ஜூலை

இன்று முழுக்க சட்டம் படித்தேன். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. இந்தியா 1976-இல் சேர்ந்தது. காட்டில் பிடித்துப் பிடித்து இந்தக் கிளி அருகிப் போனதால், 2016-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள். ஜனவரி 2017 முதல் அமல். அதாவது நான் வாங்கும்போதே அது புலியின் வரிசையில் இருந்திருக்கிறது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வயிற்றெரிச்சல் வேறு. 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினம் வீட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்குள் தானாகச் சொல்லுங்கள், ஆவணம் எதுவும் கேட்கமாட்டோம் என்றார்கள். செய்தியைப் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதும் நினைவிருக்கிறது.

இப்போது அது கட்டாயம். இந்த பிப்ரவரி 28-இல் வந்த விதிப்படி, ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

9 ஆகஸ்ட்

பதிந்துவிட்டேன். ரசீது இல்லாததை மறைக்காமல் எழுதினேன். காலிலுள்ள வளையம்தான் துணை. மூடிய வளையம், குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும். அதனால் கூண்டில் பிறந்தது என்று காட்டலாம். எண் தெரிய படம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, கட்டைவிரலில் இரண்டு கடி.

தேவகோட்டைச் சித்தப்பா போனில், "அதுக்குப் பேசாம நம்மூர்ப் பச்சைக்கிளி வளத்திருக்கலாம்" என்றார். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் சித்தப்பா, 1972 சட்டம் என்றேன். ஜோசியக்காரனைப் பற்றிக் கேட்டார். அவனுக்கும்தான்.

21 ஆகஸ்ட்

ஏற்றுமதி அனுமதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தேன். முதல் பட்டியல் உயிரினத்துக்குப் போகிற நாடு முதலில் இறக்குமதி அனுமதி தர வேண்டும். அதைக் காட்டினால்தான் இங்கே ஏற்றுமதி அனுமதி. சரி என்று ஆஸ்திரேலியாவின் பக்கத்தைத் திறந்தேன்.

வளர்ப்புப் பறவை நியூசிலாந்திலிருந்து மட்டும் வரலாம். வேறு எந்த நாட்டிலிருந்தும் இல்லை. நோய் வந்துவிடும் என்ற பயம். அவர்கள் ஊர்க் கிளிகளை நினைத்தால் நியாயமான பயம்தான். வளையம், ரசீது, சான்றிதழ் எதற்கும் அங்கே வேலை இல்லை.

ஜூலை 14 அன்று ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டிருக்கிறேன்.

22 ஆகஸ்ட்

அப்பத்தாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல ரங்கூன்லேருந்து தேக்கு வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு, ஒருத்தனும் கேக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, "அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. மணி குக்கர் விசில் அடித்தது. யாரும் எழவில்லை.

24 நவம்பர்

விட்டுவிட்டுப் போவதற்கும் காகிதம் உண்டு. கைமாறினால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பத்தாவுக்கு 82 வயது, மணி இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருக்கும். அதனால் சித்தப்பா மகன் பெயரில் மாற்றலாம் என்றேன். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பேர்ல எழுது. எனக்கப்புறம் அவன் எழுதிக்கட்டும்."

எழுதினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் முழுப் பெயரையும் இன்ஷியலோடு போட்டாள். ஒரு நகல் கேட்டு வாங்கி, ரங்கூன் பேரேட்டுக்குள் செருகி, பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.