பன்னிரண்டு தசம் நான்கு

திருகோணமலையில் உடற்கல்வி ரீச்சராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். நன்றாக ஓடிவிட்டு, திருமணத்தோடு நின்றுபோன பிள்ளைகள் நிறையப் பேர். நின்ற பிறகு திரும்பி வந்தவள் ஒருத்திதான்.

பள்ளிக்கூடக் காலத்தில் அவள் 100 மீற்றரை 12.4 செக்கனில் ஓடினாள். புல் மைதானம், என் கையில் ஸ்டொப்வோட்ச். ஏழு வருடம் கழித்து, ஒரு விடியற்காலை மக்கெய்சர் விளையாட்டரங்கு வாசலில் வந்து நின்றாள். றோட்டோரத்தில் இரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

"மகன் அம்மம்மாவோட நித்திரை ரீச்சர். இன்னொருக்கா ஓடிப் பாக்கட்டா?"

"வா பிள்ளை" என்றேன்.

முதல் மூன்று மாதம் முழு வேகத்தில் ஓட நான் விடவில்லை. முன்னுக்கு வீசின கால் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர்தான் பின்தொடைத் தசை அதிகம் கிழியும். நீளும்போதே அது பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்காகவே ஒரு பயிற்சி. முழங்காலில் நிற்பாள், கணுக்காலை நான் அழுத்திப் பிடிப்பேன், உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய்வாள். ஆரம்பத்தில் பாதியிலேயே பொத்தென்று விழுந்தாள். மண் ஒட்டிய உள்ளங்கையைத் தட்டிவிட்டு மறுபடியும் நிமிர்வாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு இனி என்ன ஓட்டம்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்குக் கோபம் வரும். 2017இல் மகனைப் பெற்ற ஜமேக்கா ஓட்ட வீராங்கனை ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 2019இல் தோஹாவில் 100 மீற்றரை 10.71 செக்கனில் ஓடி உலகச் சம்பியன் ஆனார். வயதும் ஒரு தடையில்லை. நம் நாட்டு சுசந்திகா ஜயசிங்க சிட்னி ஒலிம்பிக்குக்கு ஏழு வருடம் கழித்து, 31 வயதில், ஒசாகாவில் 200 மீற்றரில் உலக வெண்கலம் வென்றார்.

அப்புறம் கொழும்பு, சுகததாச அரங்கு. மின்னணுக் கடிகாரம் 12.83 என்று காட்டியது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓரமாய்க் குந்தியிருந்து அழுதாள். "பழைய ஆள் இல்லை ரீச்சர் நான்."

அன்றுதான் என் பிழை எனக்கு உறைத்தது. துவக்குப் புகையைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் ஒரு கணம் போய்விடும். அதனால் கையால் அழுத்தும் ஸ்டொப்வோட்ச் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100 மீற்றருக்கு 0.24 கூட்ட வேண்டும். அவளுடைய 12.4 உண்மையில் 12.64. இது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் சொல்லவே இல்லை. இல்லாத ஒரு வேகத்தைத் துரத்தத்தான் அவளை ஒவ்வொரு விடியலிலும் ஓடவிட்டிருக்கிறேன்.

சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். "அப்ப 0.19தானா?"

திரும்பும் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. கந்தளாய் தாண்டும்போதுதான் என் தோளைத் தட்டினாள்.

"முதல் 30 மீற்றரிலதான் நேரத்தை விடுறன் ரீச்சர். குனிஞ்சு ஓடவேண்டிய இடத்தில நிமிர அவசரப்படுறன். திங்கக்கிழமை அதை மட்டும் பாப்பமா?"