எஸ்பிஎம் முடிந்தாயிற்று, இனி வேலையை முழுசாகப் பிள்ளை கையில் கொடுங்கள்

மலேசியாவில் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் வரை கிடைக்கிற சில மாதங்கள் பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியிலும் பகுதிநேர வேலையிலும் கரைந்துபோகின்றன. அப்புறம் மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், இல்லையென்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலை என்று பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கிளம்புகிற வாரத்தில்தான் நமக்குப் பதற்றம் வருகிறது. பார்த்துச் செலவு பண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, யாரையும் நம்பாதே என்று அடுக்குகிறோம். அதில் ஒன்றுகூட ஒரு வேலையைச் செய்யக் கற்றுத்தராது.

பிள்ளைகள் வீட்டு வேலையே செய்வதில்லை என்பதும் முழு உண்மையில்லை. செய்கிறார்கள், ஆனால் துண்டு துண்டாக. கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவார்கள், துணியை எடுத்து மடிப்பார்கள். என்ன தீர்ந்துபோனது என்று கவனிப்பது, எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது, முடிந்த பிறகு சரிபார்ப்பது, இதெல்லாம் அம்மா தலையில்தான் இருக்கிறது. தனியாக வாழப்போகிறவருக்குத் தேவைப்படுவது இந்தப் பகுதிதான். அதனால் வேலையை நுனி முதல் அடி வரை கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு உன் பொறுப்பு, நாலு பேர், இந்தா முப்பது வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லிவிடுங்கள். என்ன சமைப்பது, எங்கே வாங்குவது, எத்தனை மணிக்குத் தொடங்குவது, கடைசியில் சிங்கைக் கழுவுவது எல்லாம் அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். முதல் வாரம் கூட நின்று காட்டுங்கள், இரண்டாம் வாரம் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் வாரம் அடுப்பங்கரைப் பக்கமே போகாதீர்கள். சாப்பாடு ஒன்பது மணிக்கு வந்தால் ஒன்பது மணிக்குச் சாப்பிடுங்கள்.

இது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான். நம் வீடுகளில் பையனுக்குச் சமையல் தெரியாமலும், பெண்ணுக்கு ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமலும் வளர்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டும் அவர்களுக்குக் கெடுதல்தான்.

சமையலில் பெரிய பட்டியல் வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை சம்பால், சார்டின் டின் கறி, ஒரு கீரைப் பிரட்டல். இந்த ஐந்தும் கைக்கு வந்தால் வாரம் ஓடிவிடும். சொல்லிக்கொடுக்க மறந்துபோவது மிச்சத்தைப் பற்றி. வடித்த சோற்றை இரவு முழுக்க மேசையில் மூடிவைத்துக் காலையில் பிரட்டிச் சாப்பிடக்கூடாது. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. நம் ஊர் வெக்கையில் அது பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த கறிக்கும் இதே விதிதான்.

கேஸ் தோங் (சிலிண்டர்) மாற்றுவது கடைக்காரரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை பிள்ளையே மாற்றட்டும். அடுப்பின் இரண்டு குமிழும் அணைந்திருக்கிறதா, பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ரெகுலேட்டரை அணைத்த பிறகுதான் கழற்றவேண்டும். புதுத் தோங்கின் வாயில் உள்ள ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ரெகுலேட்டரை நேராக வைத்து அழுத்திப் பூட்டவேண்டும். பூட்டிய பின் மேலே இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் குழாயின் இரண்டு முனையிலும் தடவவேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பதை இன்னும் சிலர் செய்கிறார்கள், அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

வாடை வந்தால் என்ன செய்வது என்பதை வாயால் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு படரும். அதனால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே போகவேண்டும். எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாயுவைத் துரத்தலாம் என்று மின்விசிறியைப் போடுகிற அந்த ஒரு நொடியில் சுவிட்சுக்குள் தெறிக்கிற பொறி போதும்.

அடுத்தது மின்சாரம். இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியைத் திறந்தால் அகலமான ஒரு சுவிட்ச், பக்கத்தில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான். அந்த அகலமான சுவிட்ச்தான் ஆர்சிசிபி. வரிசையாக இருக்கிற சின்னச் சுவிட்சுகள் எம்சிபி. ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள், அது ஆளைக் காப்பாற்றுவதற்காக விழுகிறது. எம்சிபி விழுந்தால் அந்த லைனில் பளு கூடிவிட்டது, அல்லது ஷார்ட் ஆகிவிட்டது.

திடீரென்று இருட்டானால் முதலில் ஜன்னலில் எட்டிப் பார்க்கவேண்டும். அக்கம்பக்கமும் இருட்டாக இருந்தால் மின்வாரியமான டிஎன்பியின் 15454 எண்ணை அழைக்கலாம். நம் வீடு மட்டும் என்றால் கையைத் துடைத்துக்கொண்டு, காலில் காய்ந்த செருப்பு போட்டுக்கொண்டு பெட்டிக்கு வரவேண்டும். எல்லா எம்சிபியையும் கீழே இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கவேண்டும். அப்போதும் நிற்காமல் விழுந்தால் வீட்டு வேலை அங்கே முடிந்தது, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். நின்றால் எம்சிபியை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வரவேண்டும். எதைத் தூக்கும்போது ஆர்சிசிபி மறுபடி விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினால் வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிடும். பிறகு அந்த லைனில் உள்ள பிளக் எல்லாவற்றையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, எம்சிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் தண்ணீர் புழங்குகிற சாமான்தான் மாட்டும்: கெட்டில், வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், மழையில் நனைந்த வெளிவிளக்கு.

இதைச் செய்யத் தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? விழ விழத் தூக்குகிறார்கள். இன்னும் மோசம், ஆர்சிசிபி தொல்லை கொடுக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்கிறார்கள். வாட்டர் ஹீட்டர் உள்ள வீட்டில் அது உயிரோடு விளையாடுகிற வேலை. வாடகை வீட்டுக்குப் போகும்போது 'டி' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கப் பழக்குங்கள், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான். அழுத்தியதும் சுவிட்ச் விழவேண்டும். விழாவிட்டால் அந்த ஆர்சிசிபி செத்துப்போய்விட்டது.

எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு கணக்குப் போதும். 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 3000 வாட். கெட்டில் 2000, அயர்ன் பாக்ஸ் 2000 என்றால் இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஒன்றாக ஓடக்கூடாது. ஹாஸ்டல் அறைகளில் பிளக் உருகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

துணி துவைப்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மெஷினை முக்கால்வாசிக்கு மேல் அடைக்காதே, புதுச் சாயத் துணியைத் தனியாகப் போடு, டோபி கடையில் டிரையரில் போடும் முன் சட்டைப் பையைத் துழாவு. போதும்.

பணத்துக்கு வருவோம். சேமி என்று சொல்வதைவிட, ஒரு சம்பளச் சீட்டைத் தாளில் எழுதிக் காட்டுவது மேல். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்புக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி பிடிப்பார்கள். சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் அந்த ஆண்டுக் கணக்குப்படி இரண்டும் சேர்ந்து 12 வெள்ளிக்குள். கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி, தனியாகக் கட்டவேண்டும். ஒவ்வொரு மாதத்துச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அவர் செலுத்தவேண்டும். ஆகவே 15 தாண்டியதும் இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு இபிஎஃப்பில் கட்டாத இடங்கள் உண்டு. ஒரு மாதம் விட்டதை உடனே கேட்பது எளிது. ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம்.

இப்போது அதே தாளில் வாடகையை எழுதுங்கள். கோலாலம்பூரில் மூன்று நண்பர்கள் சேர்ந்து 1,500 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு எடுக்கிறார்கள் என்று வையுங்கள். வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை. 3,000, 750, 1,500. மொத்தம் 5,250, ஆளுக்கு 1,750. ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம், அதுவும் கட்டில் மெத்தை வாங்குவதற்கு முன்னால். இந்தக் கணக்கைப் பார்த்த பிள்ளைக்குப் பகுதிநேரச் சம்பளத்தை ஏன் ஒதுக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது வீட்டுக்குள் போகும் நாளிலேயே தொடங்குகிறது. சுவரில் கறை, ஒழுகும் குழாய், உடைந்த தாழ்ப்பாள், ஏர்கான் என்று எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். மின்மீட்டரின் எண்ணும் அதில் இருக்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வருமான வரி வாரியத்தின் முத்திரை வாங்கியிருக்கவேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. மூன்று பேர் குடியிருந்தால் மூன்று பேருமே கையெழுத்துப் போடட்டும். ஒருவர் மட்டும் போட்டால், மற்ற இருவரும் பாதியில் கிளம்பும்போது முழு வாடகையும் அந்த ஒருவர் தலையில் விழும்.

ஐசி எனும் மைகார்டு அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'வாடகைக்கு மட்டும்' என்று மலாயில் எழுதித் தேதியும் போடப் பழக்குங்கள். முகத்தையும் எண்ணையும் மறைக்காமல் கோடு போகவேண்டும். 18 வயதானதும் மைகார்டை மாற்றவேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளையைத் தேசியப் பதிவு இலாகாவுக்குத் தனியாக அனுப்புங்கள். கவுண்டரில் வரிசை எண் எடுத்து, மலாயில் தன் தேவையைச் சொல்லி, சந்தேகத்தைக் கேட்டு, ரசீதோடு திரும்புவது நல்ல பயிற்சி. படம் அங்கேயே எடுப்பார்கள், தோளையும் மார்பையும் மறைக்கும் கருநிறச் சட்டை போட்டுப் போகச் சொல்லுங்கள். கோலாலம்பூர் புடு சென்ட்ரலிலும் பினாங்கு கொம்தாரிலும் உள்ள யுடிசி சேவை மையத்தில் பல அரசு அலுவலகங்களின் கவுண்டர் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு நாள் அழைத்துப்போய் எது எங்கே என்று காட்டுவதும் உதவும்.

உடம்பைப் பற்றி அம்மா நினைவில் இருப்பதைத் தாளுக்கு மாற்றுங்கள்: ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சில மருந்துகள் பட்டால் ரத்த அணுக்கள் உடைகிற ஜி6பிடி குறைபாடு உண்டா இல்லையா. இந்தக் குறைபாட்டைப் பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லியிருப்பார்கள். பதினெட்டு வயதில் எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்? குறைபாடு உள்ளவர் எந்த மருந்து வாங்கினாலும் முதலில் அதைச் சொல்லவேண்டும், பாச்சை உருண்டை போட்ட அலமாரியையும் தவிர்க்கவேண்டும். பானடோல் (பாரசிட்டமால்) 500 மில்லிகிராம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரை பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரூஃபெனோ வேண்டாம், டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், தலைசுற்றல் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. காசில்லை என்று அறையில் சுருண்டு படுக்க வேண்டியதில்லை, குடிமக்களுக்கு அரசுக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான்.

கடைசியாக, 'முடியாது' என்று சொல்லும் பயிற்சி. சொந்தக்காரர் ஒருவர் மோட்டார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்பார், அது நம் பிள்ளைகளுக்கு வந்தே தீரும். ஜாமீன் போட்டவர் சாட்சி இல்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் இவர்தான் கட்டவேண்டும். பெரியவர் முகத்துக்கு நேரே மறுக்க வாய் வராது, அதனால் வாக்கியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: "மாமா, அம்மா அப்பாகிட்ட கேட்காம நான் எதிலயும் கையெழுத்துப் போடறதில்ல." மாமாவாக நீங்களே நடித்து, இரண்டு மூன்று முறை வற்புறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, ஐந்நூறு வெள்ளி தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிற ஆசைவார்த்தை. ஏடிஎம் அட்டையும் பின் எண்ணும் கைமாறியதும் ஏமாந்தவர்களின் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரர் வாசலில். எனக்குத் தெரியாது என்பது அங்கே எளிதில் எடுபடாது, கணக்கை அடுத்தவருக்குக் கொடுப்பதே குற்றம். ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகப் பிள்ளை சொன்னால் திட்டுவதைத் தள்ளிவையுங்கள். அந்த நிமிடமே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லி, பேசிய செய்திகளை அழிக்காமல் படமெடுத்து, அதே நாளில் போலீஸ் புகார் கொடுக்கவேண்டும். பிள்ளையின் சொந்தப் பணம் மோசடியில் போயிருந்தால் வங்கியோடு தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையும் அழைக்கவேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடிக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.